கொள்ளிடத்துக்குள் இருக்கும் படுகை ஊரில் எத்தனை பேர்?

கேள்வி, 2024 ஜூன் 9

என் பாட்டியின் ஊர் சீர்காழி வட்டத்தில், கொள்ளிடம் ஆற்றின் இரண்டு கரைகளுக்கும் நடுவே இருக்கும் ஒரு படுகை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலை முழுக்கத் தேடிவிட்டேன், அந்தப் பெயரே இல்லை. அப்படி ஒரு ஊரே கிடையாதா? எத்தனை பேர், எவ்வளவு பரப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜூன் 10

ஊர் இருக்கிறது. 2011-ல் அந்தப் பக்கத்துப் படுகைகளில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.

பட்டியலில் பெயர் வராததற்குக் காரணம் எளிது. கணக்கெடுப்பில் "கிராமம்" என்றால் வருவாய்க் கிராமம். கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் எல்லை போட்டு வைத்திருக்கிற அந்தப் பரப்புக்குத்தான் ஆறு இலக்க எண் உண்டு, அதற்குத்தான் அச்சில் ஒரு வரி உண்டு. அதற்குள் தனித்தனியாக இருக்கும் தெரு, திட்டு, காலனி எல்லாம் குக்கிராமம். அவர்களையும் எண்ணுவோம், ஆனால் கூட்டுத்தொகை தாய்க் கிராமத்தின் வரியில் போய்ச் சேர்ந்துவிடும். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளும் 79,395 குக்கிராமங்களும் இருப்பதாக ஊரக வளர்ச்சித் துறை கணக்கு வைத்திருக்கிறது. ஒரு ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு ஊர். அந்த ஆறில் உங்கள் பாட்டி ஊரும் ஒன்று.

எந்தப் படுகை, ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று சொன்னால் இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.

2024 ஜூன் 10, இரவு

ஒன்று விட்டுவிட்டேன். அந்தப் பகுதி ஊர்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: நாதல்படுகை, திட்டுப்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல். நிலத்தின் குணம் பெயரிலேயே இருக்கிறது. படுகை என்றால் ஆறு எக்கல், அதாவது வண்டல், விட்டுப்போன தாழ்ந்த நிலம், வெள்ளம் வந்தால் முதலில் நனைவது. திட்டு, சுற்றித் தண்ணீர் நின்றாலும் நடுவில் தலை காட்டும் மேடு. மேடு, மணல் இரண்டுக்கும் விளக்கம் வேண்டாம். வரைபடம் இல்லாமலே ஊரின் உயரத்தைச் சொல்லிவிடுகிற பெயர்கள்.

2024 ஜூன் 12

"ஸ்ரீரங்கம் மாதிரி தீவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே ஆறுகள் ஊருக்கு வெளியே ஓடுகின்றன. நாம் பேசும் ஊர்கள் கொள்ளிடத்தின் வெள்ளக் கரைகளுக்கு உள்ளேயே இருப்பவை. கரையின் மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் இந்த ஊர், அதைத் தாண்டி ஓடும் தண்ணீர், அப்புறம் எதிர்க்கரை. ஊரைக் காப்பதற்காகக் கட்டிய கரை, இந்த ஊர்களை மட்டும் ஆற்றின் பக்கம் விட்டுவிட்டது.

கொள்ளிடத்தின் ஆற்றுத்தரை காவிரியுடையதைவிடத் தாழ்ந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்ததும் தண்ணீர் இயல்பாக இந்தப் பக்கம்தான் சாயும். பாசனக் காவிரி வறண்டுபோகாமல் இருக்கத்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் காலத்தில் அங்கே மேலணை கட்டினார்கள். வேண்டிய தண்ணீர் காவிரிக்கு, வேண்டாத தண்ணீர் கொள்ளிடத்துக்கு என்று ஆகிவிட்டது. வேண்டாத தண்ணீர் போகும் வழியில் குடியிருப்பவர்கள்தான் நம் படுகைக்காரர்கள்.

2024 ஜூன் 14

பரப்பு கேட்டிருந்தீர்கள். தாய்க் கிராமத்தின் பரப்பு ஹெக்டேரில் கிடைக்கும், மக்கள்தொகையை அதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும் என்று நேற்று ஒருவருக்குப் பதில் எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அது தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

வருவாய்க் கிராமத்தின் பரப்பில் ஆற்றுப் புறம்போக்கும் சேர்ந்திருக்கும். கிராமம் 500 ஹெக்டேர், மக்கள் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேர் நூறு சேர்ந்தால் ஒரு சதுர கிலோமீட்டர். ஆக ஒரு சதுர கிலோமீட்டருக்கு 200 பேர். தமிழ்நாட்டுச் சராசரி 2011-ல் 555. காகிதத்தில் பார்ப்பவருக்கு ஆளில்லாத ஊராகத் தோன்றும். ஆனால் அந்த 500-ல் பாதி மணலும் தண்ணீரும் என்றால் கணக்கு 400 ஆகிவிடும். வீடு கட்டத் தகுந்த மேடு மட்டும் என்று எடுத்தால் எங்கேயோ போய்விடும். நேரில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டின் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுத் திண்ணையில் சொட்டும். இருக்கிற ஒரே மேட்டில்தானே எல்லோரும் இருந்தாக வேண்டும்?

இன்னொரு சங்கதி. பட்டா நிலத்தை ஆறு தின்றுவிட்டாலும் பதிவேட்டில் அது நிலமாகவே கிடக்கும். எதிர்ப்புறம் புதிதாக எக்கல் சேர்ந்து முளைத்த மண்ணில் ஒருவர் கத்தரி போட்டிருப்பார், அது புறம்போக்கு. தாளில் இருக்கும் நிலம் ஒரு இடம், ஏர் ஓடும் நிலம் வேறு இடம்.

2024 ஜூன் 15

ஊரின் உயரத்தை நிலப்படத்தில் பார்க்க முடியாதா என்று கேட்டவருக்கு: 1:50,000 அளவுத் தாளில் சம உயரக் கோடுகள் 10 அல்லது 20 மீட்டருக்கு ஒன்று. டெல்டாவின் கடலோரப் பகுதி முழுக்க ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடும். படுகையில் ஒரு வீடு தப்பிப்பதும் முழுகுவதும் ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. அதைக் காட்டும் வரைபடம் நான் பார்த்ததில்லை. ஊர்க் கிழவர்களைக் கேட்டால் காலால் தட்டிக் காட்டுவார்கள்.

2024 ஜூன் 22

எண்ணிய கதையை எழுதச் சொல்கிறார்கள். கொஞ்சம் நீளும்.

2010 கோடையை ஒட்டி முதல் சுற்று, வீட்டுப்பட்டியல். 35 கேள்விகள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொகுதி. அதன் உத்தேச வரைபடத்தைக் கையால் வரைய வேண்டும். வடமேற்கு மூலையில் தொடங்கி எண் போட்டுக்கொண்டே வர வேண்டும். உறுதியான வீடு என்றால் சதுரம், கூரை வீடு என்றால் முக்கோணம். நான் வரைந்த தாளில் முக்கோணமே நிறைந்திருந்தது, தூரத்தில் இருந்து பார்த்தால் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. சுவரில் எண் எழுத வேண்டும். கீற்றுத் தட்டிக்கு எங்கே எழுதுவது? கதவுப் பலகையில் எழுதினோம். பலகை இல்லாத வீட்டில் வாசல் முளைக்கம்பில் எழுதினேன்.

இரண்டாவது சுற்று 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. 29 கேள்விகள். இடையில் ஒரு மழைக்காலம் போயிருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வடமேற்கு மூலைக்குப் போனால் என் முதல் மூன்று முக்கோணங்களைக் காணோம். அங்கே சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. விசாரித்தால், அந்த மூன்று வீடும் தெற்கே மேட்டுக்குத் தள்ளிப் போய்விட்டன. ஒரு வீட்டில் பழைய கதவுப் பலகையையே கொண்டுபோய் மாட்டியிருந்தார்கள். நான் எழுதிய எண் அதில் அப்படியே இருந்தது. வரைபடத்தில் வடக்கே இருந்த வீடு, அதே எண்ணோடு தெற்கே நின்றது.

எது ஒரு குடும்பம் என்பதற்கு விதி இருக்கிறது: ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். படுகையில் இது சோதனைதான். மேட்டு வீட்டில் ஒரு அடுப்பு, கொல்லையில் பூப்பறிக்கும் காலத்துக்கு ஒரு கொட்டகை, அங்கே ஒரு அடுப்பு. முல்லையும் மல்லியும் விடியுமுன் பறித்தாக வேண்டும் என்பதால் மாமனாரும் மாமியாரும் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார்கள். "தனியாகப் பொங்குறீங்களா?" என்று கேட்டேன். "மழை பெய்யாத நாளில் தனியா, பெஞ்சா சேர்ந்து" என்றார் அந்த அம்மா. இரண்டு குடும்பமாக எழுதினேன். இன்றைக்கும் அது சரியா என்று எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது.

அப்புறம் ஆள் கணக்கு. ஊரில் வழக்கமாக இருப்பவர், அந்த இருபது நாளில் எப்போதாவது ஊரில் இருந்திருக்க வேண்டும். முழுக்க வெளியூரில் இருந்தால் இங்கே எழுதக் கூடாது, அவர் இருக்கும் இடத்தில் எழுதுவார்கள். நல்ல விதி, இல்லையென்றால் ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணிவிடுவோம். ஆனால் பிப்ரவரி எப்படிப்பட்ட மாதம் என்று பாருங்கள். பொங்கலுக்கு வந்த பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் திரும்பிவிட்டார்கள். ஊரில் இருந்தது பெண்களும் பிள்ளைகளும் வயசாளிகளும். ஒரு பாட்டி என் எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எம் புள்ளைங்க மூணு பேரையும் எழுதாம உட்டுட்டியேம்மா" என்றார். விதியைச் சொன்னேன். "அதுங்க அனுப்புற காசுலதான் இந்த அடுப்பு எரியுது, அடுப்பைக் கணக்குல எடுத்துக்கிட்ட" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

2024 ஜூன் 23

குடும்ப அட்டையில் பெயர் இருந்தால் எண்ணியிருக்க வேண்டும் என்று வாதாடுபவருக்கு: குடும்ப அட்டை வேறு, வாக்காளர் பட்டியல் வேறு, மக்கள்தொகைக் கணக்கு வேறு. மூன்றும் மூன்று கேள்விக்குப் பதில். யாருக்கு அரிசி, யாருக்கு ஓட்டு, யார் இங்கே இருக்கிறார். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்பதால் எதுவும் பொய் ஆகிவிடாது.

2011-ல் சீர்காழி இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,025 பெண்கள், மாநிலத்தில் 996. ஆண்கள் வேலைக்கு வெளியே போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். எண்ணிய அனுபவத்தில் சொல்கிறேன்.

2024 ஜூன் 30

இந்த ஊர்கள் எந்த மாவட்டம் என்று குழம்புபவர்களுக்கு. 1991 அக்டோபர் 18 வரை தஞ்சாவூர். அதன்பின் நாகப்பட்டினம். 2020 டிசம்பர் 28 முதல் மயிலாடுதுறை. பழைய கணக்கைத் தேடுபவர்கள் 1981-க்குத் தஞ்சையிலும், 1991-க்குத் தஞ்சை, நாகை இரண்டிலும், 2001-க்கும் 2011-க்கும் நாகையிலும் தேட வேண்டும். 1991 கணக்கெடுப்பு அந்த ஆண்டு மார்ச்சில் முடிந்தது, மாவட்டம் பிரிந்தது அக்டோபரில். ஊர் அசையவே இல்லை, மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது.

ஆற்று முகத்தில் கொடியம்பாளையம் இதைவிட விநோதம். மயிலாடுதுறை மாவட்டம்தான், ஆனால் சாலையில் போக வேண்டும் என்றால் கடலூர் மாவட்டத்துக்குள் புகுந்து சிதம்பரம் பக்கமாகச் சுற்றி வர வேண்டும். ஆறு குறுக்கே கிடக்கிறது.

2024 ஜூலை 31

இந்த ஆண்டு, வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல் திறந்தார்கள், நேற்று அணை 120 அடி நிரம்பிவிட்டது. வருவதெல்லாம் இனி கீழேதான். படுகை ஊர்களில் சொந்தம் இருப்பவர்கள் போன் போட்டுச் சொல்லுங்கள். ஆடு மாட்டை இப்போதே கரைக்கு ஏற்றிவிடச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் மாடு படகில் ஏறாது.

2024 ஆகஸ்ட் 1

"லட்சம் கன அடி என்றால் எவ்வளவு?" ஒரு கன அடி 28.3 லிட்டர். லட்சம் கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் 28 லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). மேட்டூரின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான்.

2024 ஆகஸ்ட் 6

முகாமில் இருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற பிறகும் வெள்ளம் என்றால் இங்கே வந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 2018-லும் 2022-லும் வந்தேன்.

சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு ஆள் கணக்கு வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு வரி. பெயர், ஆள், ஆடு, மாடு. அவ்வளவுதான். வரியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிகள். பால் குடிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு சுழி. நடக்க முடியாதவர் இருந்தால் ஒரு கோடு. எந்த வீட்டுக்குப் படகு முதலில் போக வேண்டும் என்பது அந்தக் கோட்டில் இருந்தது. என் 29 கேள்வியில் அது இல்லை.

2011 பிப்ரவரியில் நான் எண்ணியதைவிட ஆண்கள் அதிகம். செய்தியைப் பார்த்துத் திருப்பூரில் இருந்து இரவோடு இரவாக பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். அப்பாவைத் தூக்க வேண்டும், மோட்டாரைக் கழற்ற வேண்டும். வெள்ளம் வந்தால் ஊரைக் காலி செய்வார்கள் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இந்த ஊரில் ஆள் நிறைகிற நாட்கள் வெள்ள நாட்களும் சித்திரைத் திருவிழாவும்தான்.

2024 ஆகஸ்ட் 8

அந்த நோட்டின் மொத்த எண்ணிக்கையைப் போடச் சொல்லிக் கேட்கிறீர்கள். போட மாட்டேன். அது அவர்கள் வீட்டு விவரம்.

2024 ஆகஸ்ட் 20

தண்ணீர் வடிந்து ஒருமுறை போய் வந்தேன். கத்தரியும் வெண்டையும் அழுகி நாற்றம். பூச்செடி வேர் பிடித்து நின்றாலும் இலையெல்லாம் சேறு பூசி வெள்ளையாக இருக்கிறது. ஒரு பெண் செடி செடியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். சேறு காய்ந்து மூடிக்கொண்டால் செடி மூச்சுவிடாது என்றார். எத்தனை செடி என்று கேட்கவில்லை.

"இவ்வளவு கஷ்டத்தில் ஏன் அங்கேயே இருக்கிறார்கள், கரைக்கு வெளியே வந்துவிடலாமே" என்று எழுதியவர்கள் நாலைந்து பேர். அந்த எக்கல் மண் வெளியே கிடைக்காது. உரம் குறைவாகப் போட்டுப் பூவும் காயும் வருடம் முழுக்க எடுக்கிறார்கள். வெளியே வீட்டுமனை கொடுத்தால் படுக்கப் போவார்கள், பிழைப்பதற்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. படுக்கவாவது மேடான மனை கிடைக்கட்டும், விளையும் மண்ணும் அவர்களிடமே இருக்கட்டும் என்கிறேன்.

2024 செப்டம்பர் 11

எண்ணிக்கை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஒருவர் கேட்டார். நிறைய ஆகிறது. மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளியில் 500 பேர் இருக்கும் குடியிருப்புக்குத்தான் சாலை. 500 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம் என்று ஒரு சலுகை உண்டு. துணை சுகாதார நிலையம் என்றால் 5,000 பேருக்கு ஒன்று. மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டேன் என்று அந்தப் பாட்டி கோபப்பட்டதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்று இதையெல்லாம் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சாலைத் திட்ட வழிகாட்டியில் குடியிருப்பு என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது: காலப்போக்கில் இடம் மாறாத மக்கள் தொகுப்பு. என் தாளில் வடக்கே இருந்து தெற்கே போன மூன்று முக்கோணங்களை அந்த வரிக்குள் எங்கே வைப்பது?

2024 செப்டம்பர் 12

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. தூரமும் அப்படித்தான். தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. எதிர்க்கரைப் பள்ளியை வரைபடத்தில் அளந்தால் பக்கம்தான். பிள்ளை பறந்தா போகும்?

2025 ஜூன் 17

நேற்று அறிவிக்கை வந்துவிட்டது. அடுத்த கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1. கைபேசிச் செயலியில் எடுப்பார்களாம். 2021-ல் நடந்திருக்க வேண்டியது. பதினாறு வருட இடைவெளி. 2011-ல் நான் மடியில் வைத்துக்கொண்டு பெயர் எழுதிய கைக்குழந்தை இப்போது பத்தாவது தாண்டியிருக்கும்.

இந்த வேலைக்குப் போகும் ஆசிரியர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். படுகைத் தொகுதி கிடைத்தால் வீட்டுப்பட்டியலுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் வரும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாம் சுற்றில் முதல் வேலையாகப் பழைய எண்ணைத் தேடாமல் ஊரை ஒருமுறை சுற்றி நடந்து வாருங்கள். கொல்லைக் கொட்டகை, மோட்டார் கொட்டகை எதையும் எட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். 2011-ல் கடைசி நாள் மாலை திரும்பும்போது ஒரு மோட்டார் கொட்டகையில் விளக்கைப் பார்த்தேன். அங்கே ஒரு பெரியவர் நாலு வருடமாக இருந்தார். ஊரில் யாருமே அவரைச் சொல்லவில்லை, நானும் பகலில் இரண்டு முறை தாண்டிப் போயிருந்தேன்.

2025 ஜூலை 2

கேள்வி கேட்டவர் ஒரு வருடம் கழித்து வந்து பாட்டி வீட்டின் அடையாளம் சொல்லியிருக்கிறார்: வடக்குக் கோடி, இரட்டை நாவல் மரம், பக்கத்தில் உறைக்கிணறு. நன்றி. என் வரைபடத்தின் வடமேற்கு மூலைதான் அது. காணாமல் போன முதல் மூன்று முக்கோணங்களில் ஒன்று உங்கள் பாட்டி வீடாக இருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

2025 ஜூலை 6

போனேன். ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தார். நாவல் மரம் இரண்டும் இல்லை, ஒன்று 2005-லும் இன்னொன்று 2018-லும் போனதாகச் சொன்னார். வீடு இருந்த இடம் இப்போது ஆற்று மணல். கிணறு இருக்கிறது. சுற்றியிருந்த மண்ணை ஆறு எடுத்துக்கொண்டுவிட்டதால் சிமென்ட் உறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக மணலில் தூண் மாதிரி நிற்கின்றன. மேல் உறையில் கயிறு உரசிய தடம் இன்னும் தெரிகிறது. நின்று எண்ணினேன். ஏழு உறைகள் வெளியே இருக்கின்றன, உறைக்கு ஒரு அடி உயரம். உங்கள் பாட்டி வீட்டுத் தரை அந்த ஏழாவது உறையின் விளிம்பில் இருந்திருக்கும்.